முதலில் எது: சுகரா, ஈறா?

கேள்வி, ஜனவரி 9

பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கடைசி எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதத்துச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.6. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கீழ் முன்பல் இரண்டு லேசாக ஆடுகிறது. பல் டாக்டர் "சுகரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் ஈறைப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். சுகர் டாக்டரோ "வாயில் புண்ணை வைத்துக்கொண்டு சுகர் எப்படி இறங்கும்?" என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஜனவரி 9, இரவு

இருவர் சொல்லும் காரணமும் சரி. காத்திருக்கச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 8.6 என்பது ஈறைச் சுத்தம் செய்ய முடியாத அளவு இல்லை. இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைப்பது, ஈறைத் திறந்து செய்யும் அறுவை, இவற்றைத் தள்ளிப்போடலாம். புண் ஆறத் தாமதமாகும், தொற்று வரும் என்பதால் அது நியாயம். பல்லின் மேலும் ஈறுக்கடியிலும் படிந்த காரையை எடுப்பது அப்படித் தள்ளிப்போட வேண்டிய வேலை அல்ல. சுகரும் ஈறும் ஒரே சமயத்தில் கவனிக்கப்பட வேண்டும்.

எனக்கும் இரண்டாம் வகை நீரிழிவு. ஈறு நோயும் இருந்தது. இரண்டுக்கும் முடிச்சு இருக்கிறது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் கடைவாய்ப்பல் ஒன்று இன்னும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அதனால் இந்த இழையை விடாமல் எழுதுவேன்.

ஜனவரி 10

சுகர் ஏறினால் ஈறு ஏன் கெடுகிறது என்று கேட்ட நண்பர், "உமிழ்நீரில் இனிப்பு ஊறும், கிருமி அதைத் தின்று பெருகும்" என்று அவரே பதிலும் எழுதியிருக்கிறார். அது காரணத்தில் சின்னப் பங்குதான். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கிருமி எல்லோருக்கும்தான் சேர்கிறது. உடம்பு அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்வதில் மந்தமாகிவிடுகின்றன. ஆனால் அழற்சியைக் கிளப்பும் பொருட்கள் மட்டும் கூடுதலாகச் சுரக்கின்றன. கிருமி சாகாமல் இருக்கும், வீக்கமும் வற்றாது. இதோடு இன்னொன்று. நீண்ட நாள் கூடுதலாக இருக்கும் சர்க்கரை உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. எச்பிஏ1சி பரிசோதனை அளப்பதே ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான். ஈறிலும் பல்லைப் பிடித்திருக்கும் நார்களிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலும் அதே ஒட்டுதல் நடக்கிறது. ஒட்டிய நார் விறைத்துவிடும்; பழையது நீங்கிப் புதியது வருவது தடைபடும். இப்படி உண்டாகும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்களின் மேல் இருக்கின்றன. பிடித்தவுடன் அழற்சி இன்னும் ஒரு படி ஏறும். அழற்சி நீடித்தால் எலும்பைக் கரைக்கும் செல்கள் கூடுதலாக வேலை செய்யும், பல்லைத் தாங்கும் எலும்பு இறங்கும். கேள்வி கேட்டவரின் கீழ்ப்பல் ஆடுவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்று சொல்வார்கள். அந்த 3 மடங்கு எல்லா நீரிழிவுக்காரர்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கும் நீரிழிவே இல்லாதவருக்கும் ஈறு விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கட்டுக்கடங்காத சர்க்கரைதான் ஈறைத் தின்கிறது.

ஜனவரி 10, இரவு

"வலியே இல்லையே, அப்புறம் எப்படி நோய்?" என்று ஒருவர்.

வலிக்காது. பெரும்பாலும் கடைசிவரை வலிக்காது. சீழ்க்கட்டி வந்தால்தான் வலி. துப்பும்போது ரத்தம், வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீண்டு தெரிவது, பற்களுக்கிடையே புது இடைவெளி, கடிக்கும்போது பல் இடம் மாறியது போன்ற உணர்வு: இவைதான் அடையாளங்கள். புகைப்பவர்களுக்கு ரத்தம்கூட அதிகம் வராது, ஏனென்றால் புகை ஈறில் ரத்தக் கசிவை அடக்கி வைத்துவிடும். சர்க்கரையும் புகையும் சேர்ந்தவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கவே கூடாது.

ஜனவரி 12

இப்போது எதிர்த்திசை. ஈறு எப்படிச் சுகரை ஏற்றும்?

ஆரோக்கியமான ஈறில் பல்லைச் சுற்றியுள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். நோய் வந்தால் அது 4, 5, 6 என்று ஆழமாகும். அதைத்தான் பாக்கெட் என்கிறார்கள். அந்தப் பையின் உட்சுவர் முழுக்கப் புண். எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள புண்ணைப் பிரித்துப் பரப்பினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காலில் அந்த அளவு புண் இருந்தால் நீரிழிவுள்ள யாரும் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்.

அந்தப் புண் வழியாகக் கிருமியும் அதன் நச்சும் ரத்தத்தில் இறங்கும். மெல்லும்போதும் பல் துலக்கும்போதும்கூட இறங்கும். உடம்பு பதிலுக்கு டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது, கல்லீரல் அழற்சியின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தைக் கூட்டுகிறது. டி.என்.எஃப்-ஆல்ஃபா இன்சுலின் செல்லுக்குத் தரும் செய்தியை மறிக்கிறது. இன்சுலின் இருக்கும், ஆனால் செல் கேட்காது. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை எல்லாம் ஒழுங்காக இருந்தும் சுகர் பிடிவாதமாக நிற்கிறது என்று புலம்புகிறவர்கள் ஒரு முறை வாயைக் காட்டிப் பாருங்கள்.

ஜனவரி 13

"இதெல்லாம் கருத்து. மனிதர்களிடம் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டவருக்கு.

பார்த்திருக்கிறார்கள், அதுவும் பல வருடங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா நதிப் பகுதியில் வாழும் பீமா பழங்குடியினரிடம் இரண்டாம் வகை நீரிழிவு மிக அதிகம். அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில்தான் இந்த முடிச்சு தெளிவாகத் தெரியவந்தது. அங்கே நீரிழிவுள்ளவர்களிடம் ஈறு நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று 1990 வாக்கில் எழுதினார்கள். 1996-ல் எதிர்த்திசையும் வந்தது: தொடக்கத்தில் தீவிர ஈறு நோய் இருந்தவர்களுக்குச் சில வருடங்களில் சர்க்கரை கட்டுமீறிப் போகும் வாய்ப்பு கூடுதல். இடையில் 1993-ல் ஹரால்ட் லோ என்ற ஈறு நோய் ஆய்வாளர், கண், சிறுநீரகம், நரம்பு என்று நீளும் நீரிழிவுப் பாதிப்புகளின் பட்டியலில் ஈறு நோய் ஆறாவது என்று எழுதினார். அந்தப் பட்டியல் நம் டாக்டர்கள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கண் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார்கள், கால் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். "வாயைத் திறங்கள்" என்று சொன்ன சுகர் டாக்டரை நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவரின் டாக்டர் வாயைப் பற்றிப் பேசினாரே, அவரை விட்டுவிடாதீர்கள்.

2005-ல் அதே பீமா மக்களிடம் இன்னொன்று தெரிந்தது. நீரிழிவோடு தீவிர ஈறு நோயும் இருந்தவர்கள் இதய நோயாலோ நீரிழிவுச் சிறுநீரக நோயாலோ இறக்கும் வாய்ப்பு, நீரிழிவுள்ள மற்றவர்களைவிட 3.2 மடங்கு. இது கவனித்துச் சொன்ன ஆய்வு. ஈறுதான் அவர்களைக் கொன்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் கெடுத்த மூன்றாவது ஏதோ ஒன்றும் இருக்கலாம்.

ஜனவரி 17

கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் ஈறைச் சரிசெய்தால் சுகர் இறங்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. இதில் ஒரு பெரிய சண்டையே நடந்தது.

2013-ல் அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்த ஆய்வு, ஈறு சிகிச்சையால் எச்பிஏ1சி குறையவில்லை என்று சொன்னது. பயனில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அது வந்ததும் "ஈறுக்கும் சுகருக்கும் சம்பந்தமில்லை" என்று பலர் முடிவு கட்டினார்கள். ஈறு நிபுணர்கள் எழுப்பிய எதிர்ப்பை முழுசாகப் படித்துப் பார்த்தேன். சிகிச்சைக்குப் பிறகும் அந்த நோயாளிகளின் வாயில் அழுக்குப் படிமமும் ரத்தக் கசிவும் நிறையவே மிச்சம் இருந்தன. அதாவது ஈறு போதுமான அளவு ஆறவே இல்லை. ஆறாத ஈறை வைத்துச் சுகர் இறங்கவில்லை என்று சொல்வதில் என்ன பொருள்?

2018-ல் லண்டனில் 264 பேரிடம் செய்த ஆய்வு வேறு மாதிரி. ஒரு பிரிவுக்கு மேலோட்டமான சுத்தம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஆழமான சுத்தம், தேவைப்பட்டவர்களுக்கு அறுவை, ஒரு வருடம் முழுக்க மூன்று மாதத்துக்கொரு முறை தொடர் கவனிப்பு. வருடக் கடைசியில் தீவிர சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.6 குறைவு. 2022-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 35 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. 3 முதல் 4 மாதத்தில் 0.43, 6 மாதத்தில் 0.30, 12 மாதத்தில் 0.50 குறைகிறது என்றது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டாவதாக ஒரு மாத்திரையைச் சேர்த்தால் சில சமயம் கிடைக்கும் பலன் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஜனவரி 18

நேற்று எழுதிய 0.43-ஐ மறுபடி யோசித்தேன். அது சராசரி. ஈறு லேசாக வீங்கியவரும் பாதிப் பற்களில் 6 மில்லிமீட்டர் பை உள்ளவரும் ஒரே கணக்கில் கலந்திருக்கிறார்கள். உங்களுக்கு அதைவிடக் கூடலாம், ஒன்றுமே மாறாமலும் போகலாம். அந்த எண்ணை நம்பி மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். சுகருக்காக மட்டும் ஈறைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் இல்லை. பல் விழாமல் நிற்பதே போதுமான காரணம்.

இன்னொரு குறிப்பு: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். எண்ணை ஒப்பிடும் முன் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஜனவரி 25

ஆழமான சுத்தம் எப்படி இருக்கும் என்று தனிமடலில் நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லோருக்குமாக இங்கேயே.

முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுவார். படுத்துக்கொண்டு "மூன்று, இரண்டு, ஐந்து, ஏழு" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கோப்பில் வைப்பது போல இதையும் வைக்க வேண்டும். அடுத்த முறை ஒப்பிட வேறு வழியில்லை. நான் அந்த நகலைச் சுகர் டாக்டரிடமும், எச்பிஏ1சி அறிக்கையைப் பல் டாக்டரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் இருவரும் தாமாகப் பேசிக்கொள்வார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. காகிதத்தைச் சுமப்பது நம் வேலை.

பிறகு மரத்துப்போக ஊசி. ஈறுக்கடியில் வேர்வரை சுரண்டுவார்கள். ஊசி இருப்பதால் வலி இல்லை, சத்தமும் அழுத்தமும் இருக்கும். ஒரே நாளில் முழு வாயும் செய்வார்கள், இல்லையென்றால் பகுதி பகுதியாகவும் செய்வார்கள். பிறகு சில வாரம் குளிர்ந்தது பட்டால் கூசும். வீக்கம் வற்றியதும் ஈறு சுருங்கும், பற்களுக்கிடையே இடைவெளி தெரியும், பல் நீண்டது போல இருக்கும்.

"ஸ்கேலிங் (காரை எடுப்பது) செய்ததால் பல் ஆட ஆரம்பித்தது" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. எலும்பு முன்பே கரைந்திருந்தது. கெட்டியான காரை பற்களை ஒன்றோடொன்று பிணைத்து ஆட்டத்தை மறைத்திருந்தது. அதை எடுத்ததும் உள்ள நிலை தெரிகிறது. இந்தப் பயத்தால் சிகிச்சைக்குப் போகாமல் பல்லை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிப்ரவரி 2

சிகிச்சை நாளன்று வெறும் வயிற்றில் போகாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போனால் நாற்காலியிலேயே சுகர் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் பல் டாக்டர் அதைப் பயம் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. காலை உணவுக்குப் பின் உள்ள நேரம் நல்லது. குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் பையில் இருக்கட்டும்.

சிலர் யோசிக்காத ஒன்று: மரத்துப்போன வாயோடு ஓரிரண்டு மணி நேரம் சாப்பிட முடியாது, சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வோம். அடுத்த வேளை உணவு தள்ளிப்போகும் என்றால் அந்த வேளை இன்சுலினை என்ன செய்வது என்று முன்கூட்டியே சுகர் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

பிப்ரவரி 3

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், நிஃபெடிபின் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: சிலருக்கு அவற்றால் ஈறு பெருத்துப் பல்லை மூடும். அழுக்குச் சேர்ந்த வாயில் இது கூடுதல். பல் டாக்டரிடம் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாற்றித் தருவது எழுதிக் கொடுத்தவரின் முடிவு.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். வேறொரு பல் டாக்டரிடம் போய் ஆழமான சுத்தம் முடித்துவிட்டார். மிக்க மகிழ்ச்சி. "ஒரு வாரம் ஆகிவிட்டது, காலைச் சுகர் அப்படியே இருக்கிறது" என்கிறார்.

பொறுங்கள். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். எச்பிஏ1சி அதனால்தான் இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்கிறது. ஈறும் ஆறி முடிய வாரங்கள் ஆகும். இரண்டு முதல் மூன்று மாதம் கழித்து மறுபடி பையின் ஆழம் பார்ப்பார்கள். அதே சமயத்தில் எச்பிஏ1சி எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவரை உங்கள் கையில் இருப்பது தினசரிச் சுத்தம். பிரஷ் பற்களுக்கு நடுவே போகாது, ஈறு நோயோ அங்கேதான் தொடங்கும். இடைவெளிக்கு ஏற்ற அளவில் சின்ன இடைப்பல் பிரஷ்ஷைப் பல் டாக்டரே தேர்ந்து தரட்டும். முதல் சில நாள் ரத்தம் வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், வீக்கம் வற்ற வற்ற நிற்கும்.

குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு பற்றிக் கேட்டீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை மாறும். பையின் ஆழத்துக்கு அது போய்ச் சேராது.

மார்ச் 5

இன்று வேறு திசையில் ஒன்று. என் அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது பல் நாற்காலியில்தான் தெரிந்தது. ஈறில் ஒன்று மாற்றி ஒன்றாகச் சீழ்க்கட்டி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இளம் பல் டாக்டர்தான் "நீங்கள் சுகர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. பரிசோதித்தபோது மிக உயரத்தில் இருந்தது. அந்த ஒரு கேள்வி அக்காவின் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றியது என்று நான் மனதார நம்புகிறேன்.

இது அபூர்வமான நிகழ்ச்சி இல்லை. 2011-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு, பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் தெரியாமல் இருக்கும் சர்க்கரையையோ அதற்கு முந்தைய நிலையையோ கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பற்களை இழந்திருப்பது அல்லது கால்வாசிக்கு மேற்பட்ட பற்களில் ஆழமான பை இருப்பது, இந்த இரண்டை வைத்தே அப்படிப்பட்டவர்களில் சுமார் 73 சதவீதம் பேரை அடையாளம் காண முடிந்தது. விரல்நுனி ரத்தத்தில் எச்பிஏ1சி-யும் சேர்த்தால் 92 சதவீதம். இந்த இழையைப் படிக்கும் பல் மருத்துவ மாணவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மே 16

கேள்வி கேட்டவரின் அறிக்கை வந்துவிட்டது: 8.6 இப்போது 7.9. ரத்தம் நின்றிருக்கிறது, 6 மில்லிமீட்டர் பைகள் பெரும்பாலும் 4-க்கு வந்திருக்கின்றன. ஆடிய பல் ஒன்று கெட்டிப்பட்டிருக்கிறது, இன்னொன்று இன்னும் ஆடுகிறது. இழையில் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த 0.7 முழுக்க ஈறால் வந்தது என்று எழுதாதீர்கள். நடுவில் அவர் மாலை நடையையும் ஆரம்பித்திருக்கிறார், அவரே சொல்கிறார். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை.

7.9 என்பதால் ஈறு விஷயத்தில் அவர் இன்னும் அபாயப் பக்கத்தில்தான் இருக்கிறார். 2018-ல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில், நோய் எவ்வளவு வேகமாக முன்னேறும் என்று மூன்று தரமாகப் பிரிக்கும்போது எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான தரத்தில் சேர்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் புகைப்பவர்களுக்கும் அதே தரம். ஆகவே மூன்று மாதத்துக்கொரு முறை சுத்தம் என்று பல் டாக்டர் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சுத்தம் செய்த பையில் கிருமி சில வாரங்களிலேயே திரும்பக் குடியேறும்.

ஜூன் 1

"என் மகனுக்கு முதல் வகை நீரிழிவு, எட்டு வயது. இதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டுமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

இல்லை அம்மா. 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில், நீரிழிவுள்ள பிள்ளைகளிடம் ஈறு பாதிப்பு சிறு வயதிலேயே தொடங்கியிருந்தது. நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு 6, 7 வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை வேண்டும் என்று ஐரோப்பிய ஈறு நோய்க் கூட்டமைப்பும் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் சேர்ந்து பரிந்துரைத்திருக்கின்றன. பயப்பட வேண்டாம், இந்த வயதில் வருவது பெரும்பாலும் ஈறின் மேல்மட்ட வீக்கம்; எலும்பைத் தொடும் முன் பிடித்தால் முழுதாகவே சரியாகும். எட்டு வயதில் பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டாம், இரவில் மட்டுமாவது நீங்கள் ஒரு முறை துலக்கிவிடுங்கள். நடுராத்திரி சுகர் இறங்கி குளுக்கோஸ் கொடுக்க நேர்ந்தால் முதலில் சுகர் ஏறியதை உறுதி செய்யுங்கள். அதன் பிறகு தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்துவிட்டுத் தூங்க விடுங்கள். அடுத்த சுகர் பரிசோதனைக்குப் போகும்போது அவன் ஈறு எந்த இடத்தில் சிவந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.